பதிப்பு போதாது

மேனுகாவின் தம்பி தினேஸ் போரால் மாங்கேணியிலிருந்து இடம்பெயர்ந்து, மாதக்கணக்காக முகாமுக்குள் கிடக்கிறான். வெளியே வர அடையாள அட்டை வேண்டும். அதுவரை கையில் இருப்பது பேர் எழுதிய பதிவுத் துண்டுதான். அட்டை அடிக்கும் புரோகிராமை நிறுவ வேண்டியவள் மேனுகாதான். அதுவோ அடம்பிடித்தது.

நிறுவும் ஸ்கிரிப்ட் முதல் வேலையாகத் தரவுத்தளச் சேர்வரின் பதிப்பைப் பார்க்கும். பார்த்தது. ‘இருப்பது 4.0, வேண்டியது 4.1’ என்று சொல்லி நின்றுவிட்டது. சுனாமிக்கு நன்கொடையாக வந்த சேர்வர். எந்தப் புண்ணியவானோ தனக்கு வேண்டாததைத் தள்ளிவிட்டிருந்தான். புதிய பதிப்பின் சீடி கொழும்பில் இருந்தது. பாதை பூட்டு. இணையமும் இல்லை.

“நாளைக்கு முகாமில சுற்றிவளைப்பாம். அட்டை இல்லாத பொடியனுகள ஆமி ஏத்திக்கொண்டு போகப்போறாங்களாம்,” என்றார் அலுவலகப் பொறுப்பாளர் வினாயகமூர்த்தி. “அந்தச் சோதனைய வெட்டிப்போட்டு ஓட்டு புள்ள.”

“ஏன் வச்சிருக்காங்க எண்டு தெரியாம எப்பிடி சேர் வெட்டுற?”

“உன்ட தம்பியும் அங்கதானே கிடக்கான்?”

மனுசன் அடிக்கிற இடம் தெரிந்து அடிக்கிறார் என்று எரிச்சல் பொங்கியது. ஸ்கிரிப்டில் அந்தச் சோதனை வரிகளை வெட்டினாள். புரோகிராம் சமர்த்தாக ஏறிக்கொண்டது. சோதிக்கத் தன் பெயரை அடித்தாள், அந்த அலுவலகத்தில் எல்லாரும் எதையும் அடிப்பது போல ஆங்கிலத்தில். அட்டை அழகாக வந்தது.

காலையில் சக ஊழியர் றவூப் சேர்வரை வேனில் ஏற்றி முகாமுக்குப் புறப்பட்டார்.

“றவூப் நானா, தினேச முதல் ஆளா விடுங்க,” என்று கெஞ்சினாள்.

“பயப்படாதீங்க தங்கச்சி. நான் பாக்கிறன்.”

கொஞ்ச நேரத்தில் றவூப் தொலைபேசியில் வந்தார். குரல் சரியில்லை.

“தங்கச்சி, படம் வருது, பேர் வரல்ல. தமிழில அடிச்சா வெறும் கேள்விக்குறிதான் வருது.”

மேனுகாவுக்கு அப்போதுதான் விளங்கியது. பழைய பதிப்புக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அதற்காகத்தான் அந்தச் சோதனையை வைத்திருந்தார்கள்.

“எல்லாத்தயும் நிப்பாட்டுங்க நானா! பழைய துண்டே எல்லார்ட்டயும் இருக்கட்டும்.”

“நிப்பாட்டிட்டன். மத்த ஆக்கள்ட இருக்கு. தினேஸ்ட துண்ட படம் எடுக்கக்குள்ளயே ஆமிக்காரன் வாங்கிக் கிழிச்சிட்டான்.”

தொலைபேசி கை மாறியது.

“அக்கா, நான் ஆரெண்டு கேக்கிறாங்கள்.”

“தினேசெண்டு சொல்லுடா!”

“சொன்னன் அக்கா. அட்டையில எங்க இருக்கெண்டு கேக்கிறாங்கள்.”