அண்ணியும் நாத்தனாரும் பார்த்துக்கொண்ட காடு

நகரத்தை ஒட்டிய அரசாங்கக் காட்டை வனத்துறையும் காடு காப்போர் சங்கமும் சேர்ந்து பராமரிப்பதென்று ஒப்பந்தம் ஆனது. துறை சார்பில் கையெழுத்துப் போட்ட ரேஞ்சர் என் தங்கை. சங்கத்தின் சார்பில் போட்ட செயலாளர் என் மனைவி. எல்லோரும் கைதட்டினார்கள். நான் மட்டும் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

பயந்தபடியே எந்த நடைபாதையை மூடுவது, எங்கே பலகை வைப்பது என்று எல்லாவற்றுக்கும் முட்டிக்கொண்டார்கள். பஞ்சாயத்து என் தலையில். நானோ கணக்கு வாத்தியார். எந்த மரத்தையும் மரம் என்றே அழைப்பவன்.

திடீரென்று ஒரு வாரம் ஒரே அமைதி.

"அண்ணி, பாதை விஷயத்துல நீங்க சொன்னதுதான் சரி" என்றாள் தங்கை.

"அய்யோ, உன் அனுபவம் எனக்கு வருமா?" என்றாள் மனைவி.

இவர்கள் இப்படிக் குழைந்தால் எங்கேயோ ஏதோ கவிழ்ந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தங்கை வந்தபோது கேட்டேவிட்டேன்.

"ரெண்டு பேரும் என்னத்த மறைக்கிறீங்க?"

மனைவிதான் முதலில் உடைந்தாள். களை பிடுங்கப் போன சங்கத்துத் தொண்டர்கள், துறை நட்ட முந்நூறு மரக்கன்றுகளையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டார்களாம். அவள் காட்டிய போட்டோவில் ஆளுக்கொரு கன்றைத் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"தப்பு எங்க மேலதான்மா. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியல."

தங்கை கத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் டீ டம்ளரைத் தள்ளி வைத்தாள்.

"அண்ணி... தீத்தடுப்புப் பாதை போட்டப்போ உங்க நாற்றங்காலை எங்க டிராக்டர் உழுதுடுச்சு. வரைபடத்தைத் தலைகீழாப் பிடிச்சது நான்தான்."

மூன்று வருஷமாக மனைவி பிள்ளை போல வளர்த்த நாற்றுகள். அவள் கண் கலங்கிவிட்டது.

"ஒண்ணுகூட மிஞ்சலையா?"

"ஓரத்துல ஒரு நாற்பது இருக்கு."

"உங்க குழியெல்லாம் காலியாத்தானே கிடக்கு? வா, அங்க வச்சிடலாம்."

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தங்கைக்கும் தொற்றிக்கொண்டது. அன்று மாலைவரை நாற்றுக்கூடை சுமந்தவன் நான்.

துறையும் சங்கமும் சேர்ந்து நடத்திய அடுத்த கூட்டத்தில், நடந்ததை இருவரும் மறைக்காமல் சொன்னார்கள். தங்கையின் மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, இனி காட்டுக்குள் எந்த வேலை நடந்தாலும் இரு தரப்பிலும் ஒருவர் கூடவே நிற்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தார். நாங்கள் நட்ட நாற்பதில் முப்பத்தொன்று வேர் பிடித்துவிட்டன.