டெஸ்மண்ட் தொப்பியில் கொண்டலாத்தி

ஏப்ரல் இருபத்திரண்டாம் தேதி காலை எட்டே முக்காலுக்கு, ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பி வந்த கொண்டலாத்தி ஒன்று டெஸ்மண்ட் அட்டிங்கின் தொப்பிமேல் இறங்கி, கொண்டையை விரித்து, சிறகைக் கோதி, ஒரு குட்டித் தூக்கமும் போட்டது. அது இறங்கிய நேரத்தில் டெஸ்மண்ட், கொண்டலாத்தி வரவே இல்லை என்று பலகையில் எழுதிக்கொண்டிருந்தான். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நார்ஃபோக் கடற்கரையில் என்னை நம்பாமல் இருப்பது பலருக்குப் பழகிப்போன சங்கதி.

பழக்கிவிட்டவனே டெஸ்மண்ட்தான். நாங்கள் இருவரும் ஒரே பள்ளிக்கூடம். அப்போதே என் கணக்கு நோட்டைத் திருத்தத் துடிப்பான். இப்போது எங்கள் பறவைச் சங்கத்தின் பதிவாளர். சங்கத்துக்குக் கடலோரமாக மூன்று குளங்கள், உட்கார்ந்து பார்க்க ஒரு மரக்குடில், குடிலின் வெளிச்சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. கண்ட பறவையைப் பலகையில் எழுத வேண்டும். அபூர்வமானது என்றால் இன்னொருவரும் பார்த்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பதிவாளர் அழிப்பார். ஒரே ஆளின் எழுத்து மூன்று தடவை அழிந்தால், அவர் குடில் சாவியைத் திருப்பித் தர வேண்டும்.

எனக்கு இரண்டு அழிந்திருந்தது. முதலாவது நியாயம்தான்: நானூறு வாத்தை நாலாயிரம் என்று எழுதினேன். அவை நாலாயிரம் வாத்தின் சத்தம் போட்டால் நான் என்ன செய்வது? இரண்டாவது, கடல்நாய் ஒன்று எனக்குக் கண்ணடித்தது என்று எழுதியது. கடல்நாய் பறவையே இல்லை, அதை எதற்கு அழித்தான் என்று இன்றுவரை புரியவில்லை. எண்ணிக்கையில் நான் கொஞ்சம் தாராளம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பறவையின் பெயரில் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை.

அந்தச் சாவி பதினாலு வருடமாக என் கழுத்தில் தொங்குகிறது. வேலையிலிருந்து ஓய்வுபெற்ற மறுநாள் மாட்டியது. அது இல்லையென்றால் காலையில் நான் படுக்கையைவிட்டு எழுந்திருக்க வேறு காரணம் கிடையாது.

அன்று ஆறரைக்கே கூழாங்கல் கரைமேல் தனியாக நடந்துகொண்டிருந்தேன். தெற்குக் காற்று. கடலுக்குமேல் ஆலாப் பறவைகள் சொத்துத் தகராறு போலக் கத்திக்கொண்டிருந்தன. முதல் தகைவிலான் குருவிகள் அலையை உரசிக்கொண்டு கரை ஏறின. மூன்றாம் குளத்தருகே மஞ்சள் பூத்த முட்புதரிலிருந்து அது எழுந்தது. செம்மண் உடம்பு, வரிக்குதிரை இறக்கை, வளைந்த மூக்கு. எங்கள் பக்கம் அது வழி தவறித்தான் வரும், அதுவும் வசந்தத்தில் எப்போதாவது ஒன்று. நேரே பலகைக்குப் போய்ப் பெரிதாக எழுதினேன்.

எட்டரைக்கு டெஸ்மண்ட் வந்து படித்தான். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தான்.

"தெல்மா, உன்கூட யார் இருந்தா?"

"கொண்டலாத்தி இருந்துச்சு."

"அது சாட்சி சொல்ல வராது."

"வந்தா மட்டும் நீ நம்பிடுவியாக்கும்?"

குடிலுக்குள் யாருக்கோ தேநீர் புரையேறியது. டெஸ்மண்ட் சிரிக்கவில்லை.

"கொண்டை. கறுப்பு வெள்ளை இறக்கை. தள்ளாடித் தள்ளாடிப் பறந்துச்சு. அதானே?"

"அதேதான்."

"அது ஆள்காட்டிம்மா. அக்கரையில இன்னும் நிக்குது, வந்து பாரு."

எங்கள் ஊர் ஆள்காட்டிக்குக் கொண்டை உண்டுதான். ஆனால் அதைத் தொட்டில் பிள்ளைகூட அடையாளம் சொல்லும். முப்பது வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் தினம் ஐந்நூறு பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசித்தவளிடம் வந்து, "அது முட்டைக்கோஸ்மா" என்றால் எப்படி இருக்கும்? என் காதுமடல் சுட்டது. கையில் அன்று மத்து இல்லாதது அவன் பெற்றோர் செய்த புண்ணியம்.

குடிலுக்குள் இருந்த சங்கத்தார் ஆறு பேரும் ஆறு தொலைநோக்கியை அக்கரைக்குத் திருப்பினார்கள். "ஆமா, ஆள்காட்டி" என்றார்கள். எங்கள் கூட்டத்தின் வியாதி இது. அரை மைலுக்கு இந்தப் பக்கம் இருப்பது எதுவும் எங்களுக்குப் பறவையே இல்லை.

வெளி பெஞ்சில் என் சிநேகிதி பெரில் கூச், சீஸ் போட்ட ஸ்கோன் ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"இருங்க, நானும் பெரிலும் போய்த் தேடிட்டு வர்றோம்" என்றேன்.

"பெரில் சாட்சி செல்லாது. மயில் நீந்துச்சுன்னு நீ சொன்னாலும் ஆமான்னு சொல்லுவா" என்றான் டெஸ்மண்ட்.

"நீந்துச்சா?" என்றாள் பெரில்.

டெஸ்மண்ட் சட்டைக்கையாலேயே என் எழுத்தை அழித்தான். பிறகு பேனாவைத் திறந்து, கல்லறைக்கல்லில் செதுக்குகிறவன்போல் எழுத ஆரம்பித்தான். 'கொண்டலாத்தி: இல்லை. ஆள்காட்டியைத் தவறாக...'

அப்போது பெரிலின் கை ஸ்கோனோடு அந்தரத்தில் நின்றது.

புதரிலிருந்து வந்தது அது. கடல் தாண்டி வந்த களைப்போ, முப்பது வருடமாகத் துவைக்காத அந்தத் தொப்பியில் புழு கிடைக்கும் என்ற நம்பிக்கையோ, டெஸ்மண்டின் தலையில் இலைபோல இறங்கியது. அவன் எழுதுவதில் மும்முரம். பறவை பக்கத்தில் இருக்கும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது எங்கள் சட்டம். ஆனால் நான் வாயை மூடிக்கொண்டது சட்டத்துக்காக இல்லை. அவன் அந்த வாக்கியத்தை முடிக்கட்டும் என்றுதான்.

வெயில் அவன் முதுகுப் பக்கமிருந்து அடித்தது. அவன் நிழல் பலகையில் விழுந்தது. தொப்பி நிழலின்மேல் வளைமூக்கோடு இன்னொரு நிழல். 'தெல்மா லார்ட்டர், மூன்றாம்' என்று அவன் எழுதும்போது அந்த நிழல் விசிறிபோலக் கொண்டையை விரித்தது.

பேனா நின்றது.

"தெல்மா," என்றான், உதடு அசையாமல். "என் தலையில என்ன?"

"ஆள்காட்டி" என்றேன்.

"தெல்மா."

"நிறுத்தாத டெஸ்மண்ட். எழுதி முடி."

அவன் முடிக்கவில்லை. மூச்சும் விடவில்லை. நிழல் மூக்கைத் திருப்பியது, சிறகைக் கோதியது, தூங்குவதுபோலச் சுருங்கியது. பிறகு எழுந்து குடில் கூரையைத் தாண்டிக் கடல் பக்கம் போய்விட்டது. பெரிலின் போன் பையின் அடியில், ஸ்கோன் பொட்டலத்துக்கும் கீழே கிடந்தது. படம் இல்லை.

பேச்சு நின்றுபோனதைக் கவனித்து ஆறு பேரும் வெளியே வந்தார்கள். நான் சாவியைக் கழற்றிப் பலகையின் விளிம்பில் வைத்தேன்.

"அழிச்சாச்சு. மூணாவது. விதி விதிதானே."

டெஸ்மண்ட் தொப்பியைக் கழற்றிப் பார்த்தான். உச்சியில் வெள்ளையாக எச்சம்.

"கடற்காகம் போட்டிருக்கும்" என்று ஒருவர் அவனுக்குத் தப்பிக்க ஒரு வழி திறந்துவிட்டார். அவன் அதில் நுழைந்து போயிருக்கலாம். பெரிலின் சாட்சி செல்லாது, என்னுடையது எப்போதுமே செல்லாது.

அவன் பலகையைப் பார்த்தான். உள்ளங்கையால் தன் எழுத்தைத் தேய்த்து அழித்தான். சாவியை எடுத்து, என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினான்.

"கடற்காகம் இல்லை, கொண்டலாத்தி" என்றான். "வந்துச்சு. என் தலைமேலதான் உக்காந்துச்சு."