தாழ்ந்த பாலத்துக்குக் கனமான ஆள்

இப்போதெல்லாம் ஊர் பார்க்க வருகிறவர்கள் ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்கிறார்கள். போனைத் தூக்கித் தங்கள் மூஞ்சியைப் படமெடுத்துவிட்டு, பின்னால் இருந்தது மணிக்கூண்டா மாட்டுக்கொட்டகையா என்று தெரியாமலே பஸ் ஏறிவிடுகிறார்கள். படகில் ஏறும்போதாவது காலைப் பார்த்து வைக்கிறார்களா என்றால் அதுவும் கிடையாது. இந்த ஊர்க் கால்வாய்களில் படகு ஆளின் எடைக்கு அமிழ்வதில்லை, ஆள் செய்த தப்புக்குத்தான் அமிழும். குண்டு பேக்கரிக்காரர் ஏறினால் அசையாது. ஊதினால் பறந்துவிடுகிற மாதிரி இருந்த ஒரு தலைமையாசிரியர் ஏறியபோது பின்பக்கம் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. புதுசாகக் கல்யாணமானவர்கள் ஏறினால் தக்கையாக மிதக்கும். அதே ஜோடி பத்து வருஷம் கழித்து வந்தால் ஒருவரை முன்னாலும் ஒருவரைப் பின்னாலும் உட்கார வைத்துச் சமன் செய்ய வேண்டும். படகுக்காரர்கள் யாரையும் எதுவும் கேட்பதில்லை. “நீங்க நடுவுல உட்காருங்க சார்” என்பதோடு சரி. நான் படகுத்துறையில் கயிறு கட்டுகிறவன். என்னைக் கேட்டால், மரம் ஊறினால் படகு அமிழும், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பழைய சுங்கச்சாவடிக்குப் போகும் வழியில் ஒரு கல்பாலம் இருக்கிறது. கட்டியவன் குள்ளனாக இருந்திருக்க வேண்டும். கடல் ஏறும்போது கால்வாயும் ஏறும், அப்போது லேசான படகு அதற்கடியில் நுழையாது. அதனால் அந்த நாட்களில் கனமான ஆளுக்கு ஏகக் கிராக்கி. “நல்லவங்களை மட்டும் ஏத்திக்கிட்டுப் போனா பாலத்துல முட்டிக்கிட்டு நிக்க வேண்டியதுதான்” என்பான் ஒட்டடை. ஒட்டடைக்குச்சி மாதிரி நெட்டையாக இருப்பதால் அந்தப் படகுக்காரனுக்கு அந்தப் பேர்.

அப்படித் தண்ணீர் ஏறிய ஒரு நாளில் ஓர் அண்ணனும் தங்கையும் வந்தார்கள். அண்ணன் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். தங்கை ஒரு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற இடத்துக்கு மேஸ்திரி. அவள் தானே பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டு போனவள். அப்பா செத்த மூன்றாம் நாள்தான் அவளுக்குச் சேதி போனது. அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்து ஊர் பார்க்கக் கிளம்பியது அதுதான் முதல் தடவை. அண்ணன் அவள் பையைத் தூக்கிக்கொண்டான், கேட்காமலே இரண்டு தடவை டீ வாங்கிக் கொடுத்தான். துறையில் என் பக்கத்தில் நின்றபோது, “பாப்பா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்” என்று ஆரம்பித்தான். அவள் திரும்பியதும், “அந்த மணிக்கூண்டு முள்ளு பித்தளையாம்” என்றான். மணிக்கூண்டு பக்கமே அவன் பார்க்கவில்லை.

அவன் கால் வைத்ததும் படகு விளிம்புக்குக் கீழே ஒரு சாண் மட்டும் விட்டு இறங்கிவிட்டது. ஒட்டடைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “வாங்கண்ணே, உங்களைத்தான் தேடிட்டிருந்தேன்.”

தங்கை சிரித்தாள். “என்னண்ணா, யாரையாவது கொன்னுட்டியா?”

அவன் சிரிக்கவில்லை.

எதிரே படகு வருகிறதா என்று பாலத்தின் மேல் நின்று பார்ப்பதும் என் வேலை. அந்தப் பாலத்துக்கு அடியில் முணுமுணுத்தாலும் மேலே நிற்கிறவன் காதில் விழும், அது கல்லின் வாகு. படகு இருட்டுக்குள் நுழைந்தது, எல்லோரும் தலையைக் குனிந்தார்கள். முகம் தெரியாத தைரியத்தில் அவன் வாயைத் திறந்தான்.

“பாப்பா, அப்பா படுத்திருந்தப்போ உனக்கு நான் சொல்லி அனுப்பல. வேணும்னுதான் அனுப்பல.”

“அண்ணே, பாலம் தாண்டட்டும், அப்புறம் பேசிக்கலாம்” என்று ஒட்டடை பதறினான்.

“எனக்குத் தெரியும்ணா. விடு, எப்பவோ மன்னிச்சிட்டேன்” என்றாள் தங்கை.

படகு சட்டென்று மேலே வந்து கல்லில் இடித்து நின்றது. தொப்பிகள் நசுங்கின. துடுப்பை அசைக்க இடமில்லை. கீழே தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது.

“அக்கா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன், மன்னிச்சதை வாபஸ் வாங்கிக்கங்க. நேரமாச்சுன்னா எல்லாரும் மூழ்கிடுவோம்.”

“சரி, மன்னிக்கல” என்றாள். படகு அசையவில்லை. ஒப்புக்குச் சொன்னதெல்லாம் அதனிடம் செல்லாது. ஒட்டடை ஒவ்வொருவரிடமும் ஏதாவது தப்பை நினைத்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினான். அப்படி எதுவும் தன்னிடம் இல்லை என்றார் ஒரு கனவான். இருட்டில் அவர் மனைவி சிரித்தது மேலே எனக்கே கேட்டது.

அப்புறம் தங்கையின் குரல், மெதுவாக. “அண்ணா, அப்பா என்னைக் கேட்டாரா?”

கல்லிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“கேட்டாரு. கதவு சத்தம் கேட்டாலே நீயான்னு தலையைத் தூக்குவாரு. என்னால பாக்க முடியல. ‘அவ வரமாட்டேன்னு சொல்லிட்டா’ன்னு சொன்னேன். அதுக்கப்புறம் அவரு கேக்கல.”

 படகு இறங்கியது. எல்லோருடைய செருப்பும் நனைகிற அளவுக்கு இறங்கியது. ஒட்டடை ஒரு தள்ளுத் தள்ள, அந்தப் பக்கம் வெயிலுக்கு வந்துவிட்டார்கள். அண்ணன் பக்கத்திலிருந்து எழுந்து அவள் முன்பலகையில் போய் உட்கார்ந்துகொண்டாள், முதுகைக் காட்டி. சுங்கச்சாவடியில் இருந்த பழைய தராசுகளையும் சங்கிலிகளையும் ஒன்று விடாமல் பார்த்தாள். அவன் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தான். பையைக் கொடு என்றும் அவள் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் தண்ணீர் ஏறும் மாதத்தில் அவன் தனியாக வந்தான். அதற்கடுத்த வருஷம் அவளும் வந்தாள், அதே முன்பலகை, அதே முதுகு. அதிலிருந்து வருஷம் தவறாமல் வருகிறார்கள். பேச்சு மட்டும் இல்லை. பேசாத மனுஷி எதற்கு வருகிறாள் என்று நான் கேட்கவில்லை, கேட்டாலும் உண்மையைச் சொல்லுவார்கள் என்று என்ன நிச்சயம்? படகுக்காரர்கள் அவனுக்கு நங்கூரம் என்று பேர் வைத்து, காசு வாங்காமல், நீ நான் என்று போட்டி போட்டு ஏற்றிக்கொண்டார்கள். எத்தனையோ வருஷம் அப்படிப் போனது. பிறகு ஒரு வருஷம் ஒட்டடை புலம்பினான், நங்கூரம் ஏறியும் படகு ஒரு விரற்கடை மேலே நிற்கிறது என்று. அவன் பக்கத்தில் ஒரு மணல்மூட்டை வைத்தான். மறுவருஷம் இரண்டு வைத்தான்.

இந்த வருஷம் தங்கை தானாகவே ஒரு பலகை பின்னால் தள்ளி வந்து உட்கார்ந்தாள். ஒட்டடை தலையில் கைவைத்துக்கொண்டு மூன்றாவது மூட்டைக்கு என்னைக் கைகொடுக்கக் கூப்பிட்டான்.

“இப்பவாவது நம்புறீங்களா பெரியவரே?”

“அடியில புதுசாத் தார் பூசியிருக்கே. எந்தப் படகும் மேலதான் நிக்கும்.”

“அப்ப நீங்க ஒரு தடவை ஏறித்தான் பாருங்களேன். இத்தனை வருஷமா கயிறு கட்டுறீங்க, ஒரு நாள் ஏறலையே. நீங்க ஏறினா எனக்கு மூட்டை தூக்குற வேலை மிச்சம்.”

தண்ணீர் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்றேன். மூட்டையை வைத்துவிட்டு, கயிற்றை அவிழ்த்து விட்டுவிட்டு, கரைமேலேயே நடந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். தாராகத்தான் இருக்கும்.