தார் உருகும்வரை

சுவிட்சைப் போட்டதும் பல் டாக்டரின் வால்வு ஆம்ப்ளிஃபயர் ஊளையிட்டது. அந்த அம்மாள் காதைப் பொத்திக்கொண்டார்.

"வயசாயிடுச்சுல்ல டாக்டர், கொஞ்சம் முனகும்," என்று ரிப்பேர் கடைக்காரன் சிரித்தான்.

"இதுவா முனகல்? ஊசி போடாம பல்லைப் புடுங்கினாக்கூட யாரும் இப்படிக் கத்த மாட்டாங்க, தம்பி. ஒரு வால்வு மாத்தத்தானே குடுத்தேன்?"

செம்புக் கம்பியால் காயில் சுற்றிக்கொண்டிருந்த தங்கைக்கு அவன் கண்ணைக் காட்டினான். அடியில் இரண்டு ஒயரை இடம் மாற்று என்று அர்த்தம். வால்வின் சத்தத்தை ஸ்பீக்கருக்குக் கடத்துகிற கனத்த இரும்புதான் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். அதை மாட்டும்போது ஒயர் தலைகீழானால் இப்படித்தான் ஊளையிடும். யாரும் அதைத் தொடாதபோது ஒயர் எப்படித் தலைகீழாகும்?

பிளக்கைப் பிடுங்கி, மிச்ச மின்சாரத்தை வடியவிட்டு, பெட்டியைக் கவிழ்த்தாள். டிரான்ஸ்ஃபார்மரின் பழைய தகர டப்பா அப்படியே இருந்தது. உள்ளே ஊற்றியிருந்த தார் மட்டும் புதிதாகப் பளபளத்தது. அதிலிருந்து வந்த ஒயர்களில் மஞ்சள் நூல் முடிச்சு. அவள் போடும் முடிச்சு. உள்ளே இருந்தது, பஸ் நிலைய அறிவிப்பு ஒலிபெருக்கிகளுக்காக அவள் சுற்றிவைத்த மலிவுச் சரக்கு. வண்டி வருகிறது என்று கத்த அது போதும்; பாட்டுக்கு ஆகாது.

தார் நாற்றமும் அண்ணனின் சென்ட்டும் சேர்ந்து அடித்தன; அவன் அருகில் வந்து குனிந்தான்.

"ஒயரைச் சட்டுனு மாத்து. மாத்தினா பாடும்ல?" என்றான் காதோடு.

"பாடும்."

"அப்புறம் என்ன? பழசுக்கு வெளிய நல்ல விலை. அந்தம்மா காதுக்கு எல்லாம் ஒண்ணுதான்."

"சரியாயிடுமாம்மா?" என்றார் டாக்டர். "எங்க வீட்டுக்காரருக்கு இப்ப கண்ணு தெரியல. நாள் முழுக்க அவருக்கு இந்தப் பாட்டுப் பெட்டிதான்."

தங்கை டப்பாவைக் கழற்றி ஒரு காலி பெயிண்ட் டின்னின் மேல் தலைகீழாக நிறுத்தினாள். சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னை எடுத்தாள்.

"ஏய், உனக்கென்ன பைத்தியமா?" என்றான் அண்ணன்.

"உக்காருங்க டாக்டர். தார் உருகக் கொஞ்ச நேரமாகும். உள்ள இருக்கிறது நான் சுத்தினது. உங்களோடது இல்ல."

கறுப்புச் சளிபோலத் தார் இழுபட்டுச் சொட்டியது. டாக்டர் கைப்பையிலிருந்து முகக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கடைசியில் வெள்ளைப் பிளாஸ்டிக்கும் புதுச் செம்புமாக ஒன்று டின்னுக்குள் பொத்தென்று விழுந்தது.

"பொய்ப் பல்லு," என்றார் டாக்டர். "நல்ல பல்லை எங்க வச்சிருக்கே, தம்பி?"

அவன் வெளியே போனான். ஸ்கூட்டரின் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. நாளிதழில் சுற்றிய பழைய இரும்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். விரலில் தார் அப்பியிருந்தது. தங்கையின் காயில் சுற்றும் எந்திரத்தை மூடிவைக்கிற துணியில் அதைத் துடைத்தான்.

அவள் அந்தத் துணியை ஓரத்தில் பிடித்துத் தூக்கிக் குப்பைக்கூடையில் போட்டாள். பிறகு நாளிதழைப் பிரித்து டாக்டரின் இரும்பை வெளியே எடுத்தாள்.