சின்ன பின் சார்ஜர்

மஞ்சள் கம்பெனிக்காரன் ஊர் முழுக்க போர்டு வைத்துவிட்டான். பேருந்தின் முதுகில், மேம்பாலத்தின் இடுப்பில், பல் மருத்துவர் வீட்டு மதிலில் என்று எங்கே திரும்பினாலும் ஒரு பெண் போனைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "இன்னும் அந்தப் பழைய நெட்வொர்க்லயா இருக்கீங்க?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பார்த்து நீலக் கம்பெனியின் மேலாளருக்கு ரத்த அழுத்தம் ஏறியது. அவருக்கு அலுவலகத்தில் 'அவசரம் சார்' என்று பெயர். மனிதர் குட்மார்னிங் சொல்வதற்கு முன்னாலேயே "அவசரம்" என்று ஆரம்பித்துவிடுவார்.

அவர் போட்ட உத்தரவு இதுதான். பழைய நெட்வொர்க்கை டவர் டவராக அணைத்துவிட வேண்டும். அது பிடித்துவைத்திருக்கும் அலைவரிசையைப் பிடுங்கிப் புது நெட்வொர்க்குக்குக் கொடுக்க வேண்டும். மஞ்சள்காரன் தன்னுடைய பழசைப் போன வருஷமே மூட்டை கட்டிவிட்டான், அதைப் பேப்பரில் வேறு பீற்றிக்கொண்டான். நாம் மட்டும் இன்னும் அதைக் கட்டிக்கொண்டு அழுவதா? எந்த டவர் முதலில், எது கடைசியில் என்று முடிவு செய்து அணைக்கிற வேலை டவர் அக்காவின் தலையில் விழுந்தது.

டவர் அக்கா என்பதும் பட்டப்பெயர்தான். கட்டுப்பாட்டு அறையில் அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். எந்த மொட்டை மாடியில் எந்த டவர் நிற்கிறது, மழை பெய்தால் எது மக்கர் பண்ணும், எதன் ஜெனரேட்டர் டீசலைக் குடித்துவிட்டுத் தூங்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் நிஜமாகவே அவளை அக்கா என்று கூப்பிட வேண்டியவன் ஒருத்தன்தான். அவன் கூப்பிட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது.

தம்பி படிப்பைப் பாதியில் விட்டான். அப்பாவுக்கும் அவனுக்கும் வாய் முற்றி, "வீட்டை விட்டு வெளியே போ" என்று அப்பா கத்தினார். அவர் கத்தாத நாள் எது? யாரும் காதில் போட்டுக்கொள்ளமாட்டார்கள். அன்றைக்குத் தம்பி போட்டுக்கொண்டான். போனை மட்டும் எடுத்துக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல் படியிறங்கினான். சார்ஜர் சுவரிலேயே தொங்கியது. சின்ன பின் வைத்த பழைய மாடல் சார்ஜர், இப்போது கடையில் கேட்டால் சிரிப்பார்கள்.

"சார்ஜர விட்டுட்டுப் போனவன் எவ்ளோ தூரம் போயிடுவான்? பேட்டரி தீந்தா வந்துடுவான் பாரு" என்று அம்மா சொன்னாள்.

அப்பா மறு வருஷமே போய்ச் சேர்ந்தார். தம்பி வரவில்லை. பேட்டரியும் தீரவில்லை.

பேட்டரி தீரவில்லை என்பது அவளுக்கு எப்படித் தெரியும் என்றால், அவனுடைய நம்பர் பழைய நெட்வொர்க்கில் இன்னும் உயிரோடு இருந்தது. அது எந்த டவரின் கீழ் இருக்கிறது, டவருக்குப் பக்கத்திலா தூரத்திலா என்பது அவள் திரையில் தெரியும். கூப்பிட்டால் மணி அடிக்கும், எடுக்கமாட்டான். செய்தி போகும், பதில் வராது. ஒரு தனி ஆளின் நம்பரைத் தேடிப் பார்ப்பது கம்பெனி விதிப்படி குற்றம், மாட்டினால் வேலை போய்விடும். அவள் தினமும் வீட்டுக்குக் கிளம்புமுன் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவாள். ஏனென்றால் கதவைத் திறந்ததும் அம்மா கேட்பாள்.

"இன்னிக்கு எங்க இருக்கான்?"

"மில் பக்கம்மா."

"மில் பக்கமா? அங்க கொசு ஜாஸ்தியாச்சே."

அதைப் பிடித்துக்கொண்டு அம்மா ஒரு நாளைக் கடத்திவிடுவாள். டவர் அக்கா உலகத்தில் யார் யாரிடமோ பொய் சொல்லியிருக்கிறாள், அவசரம் சாரிடம் மணிக்கொரு தரம் சொல்வாள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அம்மாவிடம் பொய் சொன்னதே கிடையாது.

தேடிப் போகவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். போகாமலா? ஒருமுறை பேருந்துப் பணிமனை டவரில், அதற்கு வெகு பக்கத்தில் இருப்பதாகக் காட்டியது. விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள். பட்டப்பகல். டவரைச் சுற்றி வேலி, வேலிக்கு வெளியே வெறும் பொட்டல், நாற்காலியில் ஒரு காவலாளி. அவள் பொட்டலின் நடுவில் நின்று தம்பியின் நம்பரைப் போட்டாள். அவள் காதில் மணி அடித்தது. வெளியே ஒரு சத்தமும் இல்லை. அலுத்துப்போய்க் கட் பண்ணப் போனவளைப் பார்த்துக் காவலாளி, "எடுக்கலியாம்மா?" என்றார்.

"யாரு?"

"யாரோ. போன் அடிச்சிக்கிட்டே இருக்கே."

"எங்க அடிக்குது?"

காவலாளி அவளை விசித்திரமாகப் பார்த்தார். "உங்களுக்குப் பின்னாலதான்" என்றார்.

அவள் திரும்பினாள். பொட்டலில் அவள் நிழல் மட்டும் கிடந்தது. அதன் பிறகு அவள் தேடிப் போகவில்லை. வீட்டில் அம்மாவிடம், "பஸ் டிப்போ பக்கம்மா" என்று மட்டும் சொன்னாள். அதுவும் பொய்யில்லை.

பழைய நெட்வொர்க்கை அணைக்கப்போகும் செய்தி தெரிந்ததும் அம்மாவுக்கு முகத்தில் ஈயாடவில்லை.

"எல்லாத்தையும் அணைச்சிட்டா அவன் என்னடி பண்ணுவான்?"

"டவர் போனா ஆள் போயிடுவானாம்மா?" என்று டவர் அக்கா சிரித்தாள். "ஆள் பாட்டுக்கு இருப்பான். எங்க இருக்கான்னு நமக்குத் தெரியாது, அவ்ளோதான்."

சொல்லிவிட்டாளே தவிர அவளுக்கே அது சமாதானமாக இல்லை. இந்தத் திரை இருட்டானால் தம்பி என்று சொல்லிக்கொள்ள வீட்டில் என்ன மிச்சம்? ஒரு சார்ஜர். அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. அவனுடைய பழைய போனுக்குப் புது நெட்வொர்க் பிடிக்காது. பழைய டவர் எங்கே எரிகிறதோ அங்கேதான் அது ஒண்ட முடியும். அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் மொட்டை மாடியிலேயே ஒரு டவர் இருந்தது. ஊரின் விளிம்பிலிருந்து ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்து அதைக் கடைசியில் வைத்தால்? ஆட்டைப் பட்டிக்கு ஓட்டுகிற மாதிரி ஓட்டிக்கொண்டு வந்துவிடலாமே. திட்டத்தைப் போட்டு அவசரம் சாரிடம் நீட்டினாள். "ஏன் இந்த வரிசை?" என்றார். "இடைஞ்சல் குறைவா இருக்கும் சார்" என்றாள். அவருக்கு இருந்த அவசரத்தில் பச்சைக்கொடி காட்டிவிட்டார்.

தண்ணீர்த் தொட்டி டவரை அணைத்தாள். தம்பியின் போன் மில் டவருக்கு வந்தது. மில்லை அணைத்தாள். அச்சாபீஸுக்கு வந்தது. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நாலைந்து டவர் போன பிறகுதான் ஒரு விஷயம் அவள் கண்ணில் உறுத்தியது. ஒரே இடத்தில் கிடக்கிற போன் என்றால், இருந்த டவர் அணைந்ததும் தூரத்து டவரைத் தொத்திக்கொள்ளும், தூரத்தில் இருப்பதாகத்தான் காட்டும். இது ஒவ்வொரு தடவையும் புது டவரின் காலடியில் இருந்தது. அதுகூடப் போகட்டும், யாரோ எடுத்துக்கொண்டு நடக்கிறான் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அணைத்த பிறகு நகரவில்லை. அணைப்பதற்கு முன்னாலேயே நகர்ந்துவிட்டிருந்தது.

சோதித்துப் பார்த்தாள். அன்றைக்கு மார்க்கெட் டவரை அணைப்பதாக இருந்தது, போனும் மார்க்கெட்டிலிருந்து கிளம்பி நூலகத்துக்கு வந்து நின்றிருந்தது. அவள் மனசுக்குள், 'மார்க்கெட் வேண்டாம், நூலகத்தை அணைக்கிறேன்' என்று நினைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை, எங்கேயும் எழுதவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வந்து திரையைப் பார்த்தாள். போன் மார்க்கெட்டுக்குத் திரும்பியிருந்தது.

அவள் திரையை விட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். பயம்தான், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? ஆனால் பயத்தைவிடப் பெரிதாக இன்னொன்று அவளைப் பிடித்துத் தள்ளியது. யாராக இருந்தால் என்ன, எப்படி வந்தால் என்ன, வீட்டுப் பக்கம் வருகிறான். அன்று சாயங்காலம், "மார்க்கெட்டுக்கு வந்துட்டாம்மா" என்றாள். அம்மா தம்பியின் அறைக் கதவைத் திறந்து பெருக்கினாள். படுக்கைக்குப் புது உறை போட்டாள்.

கடைசி நாள் வந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் எல்லா டவரும் அணைந்து, திரையில் ஒரே ஒரு பச்சைப் புள்ளி எரிந்தது. அவர்கள் வீட்டு மொட்டை மாடி. அதன் கீழ் ஒரே ஒரு இணைப்பு. வெகு பக்கத்தில்.

அவசரம் சார் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "யாரும்மா அந்த ஒரே ஒரு புண்ணியவான்? புது சிம் குடுத்தாச்சா?"

"குடுக்கணும் சார். கொஞ்சம் டைம் குடுங்க."

"ஒருத்தனுக்காக ஊரே காத்திருக்குமா? மஞ்சள்காரன் அடுத்த ஊர்லயும் போர்டு வெச்சிட்டான். அணைச்சுத் தொலைம்மா."

அவள் விரல் பொத்தான் மேல் நின்றது. அழுத்த மனம் வரவில்லை. அந்த நேரம் பார்த்து மேசையில் அவளுடைய போன் அடித்தது. தம்பியின் நம்பர்.

இத்தனை வருஷத்தில் அந்த நம்பரிலிருந்து வந்த முதல் அழைப்பு. எடுத்தாள். காதில் முதலில் குக்கர் விசில் கேட்டது. பிறகு கூடத்துக் கடிகாரம், தொண்டை கட்டினமாதிரி கரகரவென்று அடிக்கிற அவர்கள் வீட்டுக் கடிகாரம், மணி அடித்தது. தட்டில் கரண்டி படும் சத்தம். அதற்கு மேல் அம்மாவின் குரல்.

"இன்னும் கொஞ்சம் போட்டுக்கோடா. எப்படி எலும்பா போயிட்ட பாரு. அக்கா இப்ப வந்துடுவா."

"தம்பி?" என்றாள்.

யாரோ மென்று விழுங்கும் சத்தம். பிறகு அவன் பேசினான். அதே குரல், அதே இழுவை, ஒரு நாள்கூட வயது ஏறாத குரல்.

"அக்கா, இங்க சிக்னல் ஃபுல்லா இருக்கு."

அவளுக்குக் கண் மறைத்தது. வந்துவிட்டான். உட்கார்ந்து சாப்பிடுகிறான். அம்மா பரிமாறுகிறாள். இனி எந்தத் திரையில் எந்தப் புள்ளியைத் தேட வேண்டும்? எந்த டவர் யாருக்கு வேண்டும்? "இருடா, அங்கேயே இரு, வந்துட்டேன்" என்று தலைகால் புரியாத சந்தோஷத்தில் சொல்லிக்கொண்டே, இன்னொரு கையால் பொத்தானை அழுத்தினாள். பச்சைப் புள்ளி அணைந்தது. அழைப்பும் அறுந்தது. அறுந்துதானே ஆக வேண்டும், அதை அவள் பெரிதாக நினைக்கவில்லை. அவசரம் சார் கை தட்டினார், அறையே கை தட்டியது. அவள் பையைக்கூட எடுக்காமல் ஓடினாள்.

வீட்டுக் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. தட்டினாள். அம்மா வந்து திறந்தாள். கையில் கரண்டி.

"எங்கம்மா அவன்?"

அம்மா கூடத்துப் பக்கம் கையைக் காட்டினாள். சாப்பாட்டு மேசையில் ஒரு தட்டு, பாதி சாப்பிட்டது. நாற்காலி சற்றுப் பின்னால் தள்ளியிருந்தது. எச்சில் கை பட்ட தண்ணீர் டம்ளரில் விரல் தடம் இருந்தது.

"பேசிக்கிட்டேதான்டி இருந்தான்" என்றாள் அம்மா. அவள் அழவில்லை. "நான் இன்னும் கொஞ்சம் குழம்பு எடுக்கத் திரும்பினேன். 'அம்மா, சிக்னல் போகுது'ன்னான். பயந்த மாதிரி சொன்னான். திரும்பிப் பார்த்தா இல்ல."

"கதவு?"

"நீ வந்து தட்டற வரைக்கும் நான் திறக்கவே இல்லியே."

டவர் அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். நாற்காலிக்குப் பின்னால், சுவர் ப்ளக்கில், அந்தச் சின்ன பின் சார்ஜர் சொருகியிருந்தது. ஸ்விட்ச் போட்டபடி இருந்தது. வயர் கீழே தொங்கியது, நுனியில் ஒன்றும் இல்லை. குனிந்து அதைத் தொட்டாள். சூடாக இருந்தது.

டவர் போனால் ஆள் போய்விடுவானா என்று சிரித்தவள் அவள்தான். பொத்தானில் இருந்த விரலும் அவளுடையதுதான். அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். மறுபடி போட முடியாது. அலைவரிசை இந்நேரம் புது நெட்வொர்க்குக்குப் போயிருக்கும், ஊரே அதில் சினிமா பார்த்துக்கொண்டிருக்கும்.

அம்மா அவள் தோளைத் தொட்டாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"ஏன்டி, அந்த மஞ்ச போர்டுக்காரன்கிட்ட இன்னும் பழைய டவர் இருக்குமில்ல? அங்க போயிருப்பான். அங்கதான் போயிருப்பான், இல்ல?"

மஞ்சள்காரன் தன்னுடைய பழசைப் போன வருஷமே மூட்டை கட்டிவிட்டது டவர் அக்காவுக்குத் தெரியும்.

"ஆமாம்மா" என்றாள். "அவங்ககிட்ட இருக்கு. அங்கதான் இருக்கான்."

அம்மா பெருமூச்சு விட்டாள். தட்டை மூடிவைத்தாள். "அப்ப சார்ஜர புடுங்கிடாத, அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். டவர் அக்கா தரையில் உட்கார்ந்து சார்ஜரை உள்ளங்கையில் பொத்திப் பிடித்துக்கொண்டாள். அது மெல்ல மெல்ல ஆறிக்கொண்டிருந்தது.