இருபத்தஞ்சாம் தேதி யார் வைத்தது?

எழுபத்தெட்டாம் வருஷம் டிசம்பர் இருபத்தைந்து சக்கரபாணிக்கு வார விடுமுறை. குறிஞ்சிப்பாடியில் தங்கச்சிக்குப் பிறந்த குழந்தையைப் பார்க்கப் போவதாக இருந்தான். சுரங்கத்தில் கூட வேலை பார்க்கும் ராயப்பன் வந்து, "ஏசு பொறந்த நாளுப்பா, எனக்கு முதல் ஷிப்டு போட்டுட்டாங்க" என்று கெஞ்சியதால் விடுமுறையை அவனோடு மாற்றிக்கொண்டான்.

காலை ஆறு மணிக்குச் சுரங்கத்தில் இறங்கினால், அங்கே அதே ஷிப்டில் இருக்கும் சாமுவேல் வேலைக்கு வந்து நிற்கிறார். இவரும் கிறிஸ்தவர்தானே?

"இன்னாண்ணே, லீவு போடலீங்களா?"

"எங்க சபையில கிறிஸ்மஸ் கெடையாது தம்பி. பைபிள்ல இந்தத் தேதியே இல்ல."

அன்றைக்கு முழுக்க சக்கரபாணிக்கு வேலை ஓடவில்லை. ராயப்பன் பொய் சொல்லிவிட்டானா? இரண்டு மணிக்கு ஷிப்டு முடிந்ததும் சைக்கிளை நேராக ராயப்பன் குவார்ட்டர்ஸுக்கு விட்டான்.

"யோவ், பைபிள்ல தேதியே இல்லியாமே?"

ராயப்பன் கோபப்படவில்லை. "ஆமாம்பா, நானும் எங்க சர்ச்சு சாமியாரைக் கேட்டேன். அந்தக் காலத்துல ரோமாபுரியில சூரியனுக்குத் திருவிழா எடுப்பாங்களாம், அத ஒட்டி வெச்சாங்கன்னு சிலர் சொல்றாங்களாம். மாதா கருவுற்றது மார்ச் இருபத்தஞ்சு, அதுலேர்ந்து ஒம்பது மாசம் எண்ணினாங்கன்னு வேற சிலர். எது சரின்னு அவருக்கே தெரியலையாம்."

"அப்ப பொறந்த நாளுன்னு சொல்லி எங்கிட்ட ஏன் ஷிப்டு மாத்தின?"

"ஒன் பொறந்த நாளு எது?"

"ஜூன் ஒண்ணு. பள்ளிக்கூடத்துல வாத்தியார் போட்டது. எங்கம்மாவைக் கேட்டா நடவு சமயம்னு சொல்லும்."

"பாத்தியா! அதுக்காவ நீ பொறக்கலைன்னு ஆயிடுமா?"

"அதச் சொல்லி நான் லீவு கேக்கலையேய்யா!"

ராயப்பன் அவனை உள்ளே இழுத்துப்போய்ச் சாப்பிட உட்காரவைத்தான். ராயப்பன் மனைவி ஆரோக்கியமேரி இலை போட்டாள்.

"நீங்களாவது சொல்லுங்கக்கா. இன்னிக்குத்தானா, இல்லியா?"

"எனக்குத் தெரியாதுங்க. கடவுள் மனுசனா, அதுவும் மாட்டுக் கொட்டாயில வந்து பொறந்தாரு. அத நெனைச்சுக்க ஒரு நாள் வேணுமில்லீங்களா?"

சரிதான் என்று பட்டது. இரண்டு வாய் சாப்பிட்டதும், சாமுவேலுக்கு மட்டும் அந்த நாள் ஏன் வேண்டாம் என்று மறுபடி குழப்பம் வந்தது. பிரியாணி நன்றாக இருந்ததால் கேட்கவில்லை.

சாயங்காலம் வீட்டில் மனைவி கண்ணகி, ஏன் இவ்வளவு தாமதம் என்று விசாரித்தாள். ரோமாபுரியில் ஆரம்பித்து மார்ச்சுக்கு வருவதற்குள் சக்கரபாணிக்கே தலை சுற்றியது.

"பொறந்தாருங்கறதுல யாருக்கும் சண்டை இல்ல," என்றான் கடைசியில். "எப்பங்கறதுதான் தெரியல."

"இதுக்கா இவ்ளோ நேரம்?" என்று அவள் எழுந்து போனாள்.