முடித்தவர் பக்கத்துப் பாய்க்கு

கன்னியம்மாள் டீச்சரின் அறையில் கரும்பலகை ஒன்றுதான், வகுப்புகள் மூன்று. ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு எல்லாம் அதே அறையில் வகுப்புக்கொரு பாய் விரித்து உட்கார்ந்திருக்கும். ஒரே ஆள் எப்படி ஒரே நேரத்தில் மூன்று பாடம் நடத்துவார் என்று கேட்கலாம். நடத்துவதில்லை. ஒரு பாய்க்குக் கணக்கை விளக்கிவிட்டு, அவர்கள் போட்டுக்கொண்டிருக்கும்போதே அடுத்த பாய்க்கு நகர்ந்துவிடுவார். மூன்றாவது பாய்க்குப் போய்ச் சேர்வதற்குள் முதல் பாயில் நாலைந்து பேர் முடித்திருப்பார்கள். முடித்த பிள்ளை சும்மா இருக்காது, பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளும். அதனால் டீச்சர் ஒரு விதி வைத்திருந்தார். முடித்தவர்கள் எழுந்துபோய் முடிக்காதவர் பக்கத்தில் உட்கார வேண்டும். தன் பாயில் எல்லோரும் முடித்துவிட்டால் பக்கத்துப் பாய்க்குப் போக வேண்டும். எப்படிப் போடுவது என்று காட்டலாம், விடையை மட்டும் சொல்லக் கூடாது. சொன்னவர் அன்றைக்குச் சாயங்காலம் பலகை துடைக்க வேண்டும்.

கவியா மூன்றாம் வகுப்பு. ஒரு நாள்கூட அவள் பலகை துடைத்ததில்லை. பாதி நாள் அவள் தன் பாயில் இருந்ததுமில்லை.

அவள் அம்மா ஆர்த்தியை அரித்துக்கொண்டிருந்தது அதுதான். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் ஒரு பிரிவில் கணினி வேலை பார்ப்பவள் ஆர்த்தி. காலையில் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு அப்படியே ஆபீஸுக்குப் போவாள். அரசு பள்ளியைப் பற்றி அவளுக்குப் புகார் ஒன்றும் இல்லை. காலை உணவுக்கு நல்ல கிச்சடி போடுகிறார்கள், கழிப்பறையில் தண்ணீர் வருகிறது, டீச்சர் தங்கமானவர். ஆனால் மகள் எல்லாவற்றையும் முதலில் முடித்துவிடுகிறாள். முடித்த பிறகு அவளுக்குக் கொடுக்க அந்த அறையில் வேறு எதுவும் இல்லை.

"சம்பளம் இல்லாத டீச்சரா ஒரு எட்டு வயசுப் பொண்ணு வேலை பாக்குது. இவ எப்பங்க படிக்கிறது?" என்று கணவனிடம் கேட்பாள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸில் இந்தப் பேச்சு தானாக வந்துவிடும். பிள்ளை பெற்றவர்கள் நாலு பேர் டிபன் பாக்ஸைத் திறந்தால், குழம்புக்கு அடுத்தபடியாகப் பள்ளிக்கூடம்தான் பரிமாறப்படும். பத்மஜாவின் வீட்டுக்காரர் சம்பந்தமூர்த்தி அண்ணாமலையார் கோயிலில் குருக்கள். அவர்கள் மகன் கிரீஷ், அவலூர்பேட்டை சாலையில் ஒரு தனியார் பள்ளியில் 'ஸ்பார்க் பேட்ச்' என்ற தனிப் பிரிவில் படிக்கிறான்.

"கெட்டிக்காரக் குழந்தைகளை மட்டும் பொறுக்கி எடுத்து நாலாவதுலேருந்து தனியா உக்கார வெக்கறா ஆர்த்தி. உன் பொண்ணு பிச்சு உதறிடுவா. என்ட்ரன்ஸ் எழுத வெச்சுத்தான் பாரேன்" என்றாள் பத்மஜா.

"கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்சாதான் பின்னால டாக்டர் சீட்டுக்கு ஒதுக்கீடு இருக்குதும்மா" என்றார் தண்ணீர் கேன் மாற்ற வந்த மணியம்மாள்.

"அது ஆறாவதுலேருந்துதானே கணக்கு? இது நாலாவதுக்கு. நடுவுல ரெண்டு வருஷம் அங்க படிச்சிட்டு வந்துட்டா போச்சு" என்றாள் ஆர்த்தி.

"அங்க போன பிள்ளை எதும்மா திரும்பி வந்துது?" என்று கேட்டுவிட்டு மணியம்மாள் காலிக் கேனை உருட்டிக்கொண்டு போனார்.

வீட்டில் கணவன் முருகவேலுக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. ரமணாசிரமம் பக்கத்து விடுதிகளிலும் காபி கடைகளிலும் தண்ணீர் சுத்திகரிக்கும் மிஷின்களைப் பராமரிப்பது அவன் தொழில். எதைப் பேசினாலும் அந்த மிஷினுக்குள் போய்த்தான் வெளியே வருவான்.

"மிஷின்ல மூணு லிட்டர் தண்ணி வுட்டா ஒரு லிட்டர்தான் நல்ல தண்ணியா வரும். மீதி ரெண்டு லிட்டர் ரிஜெக்ட் பைப்புல போயிடும். அத புடிச்சி பாத்திரம் கழுவலாம், செடிக்கு ஊத்தலாம். பிள்ளைங்கள அப்படிப் பிரிச்சா மீதிப் பிள்ளைங்கள இன்னா பண்ணுவாங்க?"

"நீங்க குடிக்கிறது எந்தத் தண்ணிங்க?" என்றாள் ஆர்த்தி.

முருகவேல் கையிலிருந்த சொம்பைப் பார்த்தான். "பேச்சுக்குச் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு மீதியைக் குடித்து முடித்தான். தேர்வுக்கு அவன்தான் வண்டியில் கூட்டிப் போவதாக முடிவாயிற்று.

தேர்வு வைக்கவிருந்த ஞாயிறு பௌர்ணமியாக இருந்ததால் அடுத்த ஞாயிறுக்குத் தள்ளிவைத்தார்கள். கிரிவலக் கூட்டத்தில் ஊருக்குள் ஒரு ஸ்கூட்டர் நுழைய முடியாது, பெற்றவர்கள் எங்கே நுழைவது. கவியா பள்ளிச் சீருடையில், இரட்டைப் பின்னலில் பச்சை ரிப்பன் கட்டிக்கொண்டு போனாள். பெரிய கூடத்தில் தனித்தனி மேசைகள். கவியா தனி மேசையில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. பெற்றவர்கள் எல்லாம் வெளியே வேப்பமரத்தடியில் நின்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாதி நேரம்கூட ஆகவில்லை. கதவு திறந்தது. கண்காணிப்பாளர் அம்மா முன்னால் வர, பின்னால் கவியாவும் நீலச் சட்டை போட்ட ஒரு பையனும் வந்தார்கள். கவியாவின் ஒரு பின்னல் அவிழ்ந்து கிடந்தது.

"இவங்க பேரண்ட்ஸ் யாரு? முதல்வர் ரூமுக்கு வாங்க."

முதல்வர் அறையில் மேசைமேல் விடைத்தாள்கள் இரண்டும், அவற்றின்மேல் பச்சை ரிப்பனும் இருந்தன.

"எக்ஸாம் நடக்கும்போது எழுந்து போயி இந்தப் பையன் பக்கத்துல உக்காந்திருக்கா. ரிப்பன்ல என்னமோ எழுதிக் குடுத்திருக்கா" என்றார் கண்காணிப்பாளர்.

முருகவேல் ரிப்பனை எடுத்து வெளிச்சத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தான். "எழுத்து ஒண்ணும் இல்லீங்களே மேடம். எண்ணெய் பிசுக்குதான் இருக்குது."

"நீ ஏன் கண்ணு எழுந்து போனே?" என்று முதல்வர் கேட்டார்.

கவியாவுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "நான் முடிச்சிட்டேன் சார்" என்றாள்.

"சரி. முடிச்சா?"

"இவன் முடிக்கல. அதான் போனேன்."

அறையில் இருந்த பெரியவர்களில் ஆர்த்திக்கு மட்டும்தான் அது புரிந்தது. புரிந்ததும் தலையில் கைவைத்துக்கொள்ளலாம்போல் இருந்தது. ஆயிரம் சொல்லி அனுப்பியிருந்தாள். பெயரைச் சரியாக எழுது, ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு தடவை படி, ரப்பரைத் தொலைக்காதே. முடித்த பிறகு இடத்தைவிட்டு எழுந்திருக்கக் கூடாது என்பதை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்லித்தர வேண்டியிருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? அவள் கன்னியம்மாள் டீச்சரின் விதியைச் சொன்னாள். முதல்வர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ரிப்பன் எதுக்கு?" என்றார்.

கவியா மேசையை எட்டி ரிப்பனை எடுத்துக்கொண்டாள். "ஒரு கயித்த நாலு துண்டாக்க எத்தன வாட்டி வெட்டணும்னு கேட்டிருந்திச்சு சார். இவன் நாலுனு எழுதிட்டான்." ரிப்பனை மேசையில் நீளமாக விரித்தாள். "விடைய சொல்லக் கூடாது இல்ல? அதான் கழட்டிக் குடுத்து, எங்கெங்க வெட்டுவன்னு விரல வெச்சிக் காட்டச் சொன்னேன்."

பையனின் அப்பா அர்ஜுனன் இதுவரை கதவோரமாகவே நின்றிருந்தார். கீழ்பென்னாத்தூர் பக்கத்து விவசாயி, விடியற்காலையில் இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். மகன் தோளில் கைவைத்தார்.

"வளவா, புரிஞ்சிச்சாடா?"

"மூணு வாட்டிப்பா" என்றான் வளவன்.

"ஆங், அது போதும் வுடு."

முதல்வர் சிரித்துவிட்டார். கவியாவின் தாளைப் புரட்டிப் பார்த்தார், ஆர்த்தி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எல்லாம் சரியா போட்டிருக்கா. இவளுக்கு சீட் தரோம். புதன்கிழமைக்குள்ள சொல்லிடுங்க. அடுத்தவங்க உதவியில எழுதினதால பையன் பேப்பர் மட்டும் கேன்சல் பண்ண வேண்டியிருக்கும். ரூல்னு ஒண்ணு இருக்கே."

ஆர்த்தி ஆசைப்பட்ட வார்த்தை காதில் விழுந்துவிட்டது. 'நன்றி சார்' என்று எழுந்து வந்திருக்கலாம். வாயில் வேறு வந்தது.

"எழுந்து போனது எங்க பொண்ணு சார். அந்தப் பையன் அவன் பாட்டுக்கு உக்காந்துகினு இருந்தான். அவனுக்கு வேற கேள்வித்தாள் குடுத்து எழுத வைங்க. இல்லன்னா இவளதையும் கேன்சல் பண்ணிடுங்க."

முருகவேல் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். முதல்வர் கொஞ்சம் யோசித்துவிட்டு வேறு கேள்வித்தாள் எடுத்துவரச் சொன்னார்.

வீடு திரும்பும்போது கவியா வண்டியில் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். அம்மா ஒன்றும் திட்டாதது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"ஏம்மா, அந்த பேட்ச்ல கணக்கு தெரியாத பிள்ளைங்க யாரு இருப்பாங்க?"

"யாரும் இருக்க மாட்டாங்க. எல்லாருக்கும் எல்லாம் தெரியும்."

"அப்ப முடிச்சிட்டு இன்னா பண்ணுவாங்க?"

"இன்னொரு பேப்பர் குடுப்பாங்க."

"அதையும் முடிச்சிட்டா?"

முன்னால் முருகவேலின் தோள் குலுங்கியது, அவன் சிரிக்கிறான் என்று தெரிந்து ஆர்த்தி அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

திங்கட்கிழமை ஆபீஸில் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிவிட்டு ஆர்த்தி பள்ளி ஜன்னலுக்கு வெளியே நின்றாள். முதல் கணக்கைக் கவியா முடித்தாள், எழுந்தாள், ஒரு பையன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் காட்டியும் அவன் தப்பாகப் போட்டான். இன்னொரு விதமாகக் காட்டினாள், அதுவும் ஏறவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தாள், பிறகு ஒரு பிடி புளியங்கொட்டையை எடுத்துவந்து பரப்பினாள். ஒரே கணக்குக்கு மூன்று வழி. சும்மா உட்கார்ந்து பொழுதைப் போக்குகிறாள் என்று ஆர்த்தியால் இனிமேல் சொல்ல முடியாது. ஆனால் அது அவளுக்கு ஏற்கெனவே தெரிந்த கணக்கு என்பதும் உண்மைதான்.

டீச்சர் வெளியே வந்ததும் ஆர்த்தி சீட் கிடைத்ததைச் சொன்னாள்.

கன்னியம்மாள் டீச்சர் முந்தானையால் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் துடைத்துக்கொண்டார். "போகாதன்னு நான் சொல்ல மாட்டேம்மா. அவ போனா எனக்கு ஒரு கை ஒடிஞ்ச மாதிரிதான். அதுக்காக அவள புடிச்சி வெச்சிக்கிறது நியாயமில்ல. நீங்க நெனக்கிறது சரிதான், அவளுக்குப் புதுசா குடுக்க எனக்கு நேரமே கெடைக்கிறதில்ல."

"பக்கத்து ரூம்ல நாலாவதும் அஞ்சாவதும்தானே டீச்சர் நடக்குது?"

"ஆமா, எச்.எம். எடுக்கிறாங்க."

"கணக்கு நேரத்துக்கு மட்டும் இவள அங்க அனுப்ப முடியுமா? மத்த நேரம் உங்க கைக்கு உதவியா இருக்கட்டும். ஒரு மணி நேரமாவது அவளுக்குத் தெரியாத எடத்துல உக்காரணும்."

டீச்சர் யோசித்தார். "இது எனக்கே தோணியிருக்கணும்" என்றார். "எச்.எம். கிட்ட கேக்கிறேன். ஒத்துக்குவாங்க. ஆனா அவ அழுவா, பாருங்க."

புதன்கிழமை மதியம் ஆர்த்தி ஆபீஸ் தாழ்வாரத்தில் நின்று போன் செய்தாள். "இப்ப வேணாம் சார். அஞ்சாவது வரைக்கும் இங்கயே படிக்கட்டும்." அப்புறம் இடம் இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார் முதல்வர். தெரியும் என்றாள். வளவனைப் பற்றிக் கேட்டாள். அவன் தேறிவிட்டான்.

பத்மஜா இதைக் கேட்டதும் டிபன் பாக்ஸ் மூடியைக் கீழே வைத்துவிட்டாள். "பைத்தியமாடி நீ? கிடைச்சதைப் போயி யாராவது வேண்டாம்பாளா?"

"பைத்தியமாத்தான் இருப்பேன் போல" என்று ஆர்த்தி அவள் பாக்ஸிலிருந்து ஒரு அப்பளத்தை எடுத்துக்கொண்டாள்.

வீட்டில் நடந்ததுதான் அவள் எதிர்பாராதது. இத்தனை நாள் எதிர்த்துப் பேசிய முருகவேல், விஷயத்தைக் கேட்டதும் சட்டை பட்டனைப் பாதியில் விட்டுவிட்டு நின்றான்.

"நெஜமாவே வேணாம்னு சொல்லிட்டியா?"

"நீங்கதானேங்க வேணாம்னீங்க?"

"நான் ஆயிரம் சொல்லுவேன். நீ எப்படியும் சேத்துடுவன்ற தைரியத்துலதானே சொன்னேன்." கட்டிலில் உட்கார்ந்தான். "தப்பு பண்ணிட்டமா ஆர்த்தி?"

"தெரியல."

"தெரியலயா?"

"தெரியலங்க. டீ போடட்டுமா?"

வெள்ளிக்கிழமை காலை ஆர்த்தி மறுபடி ஜன்னலுக்கு வந்தாள், இந்தத் தடவை பக்கத்து அறை ஜன்னலுக்கு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் நடுவில் கவியா சின்னதாக உட்கார்ந்திருந்தாள். பலகையில் பின்னக் கணக்கு. அவள் நோட்டில் கோடு போட்டாள், அழித்தாள், மறுபடி போட்டாள். காது நுனி சிவந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த உயரமான பெண் தன் கணக்கை முடித்துவிட்டு அவள் நோட்டை எட்டிப் பார்த்தாள்.

"அப்படி இல்ல பாப்பா. ரெண்டுத்துக்கும் கீழ ஒரே நம்பர் வர வெக்கணும் மொதல்ல."

"எனக்குத் தெரியும்" என்று கவியா நோட்டைக் கையால் மறைத்தாள்.

அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு காகிதத்தை எடுத்து இரண்டாக மடித்தாள், பிறகு நாலாக மடித்தாள், பிரித்துத் தரையில் வைத்துவிட்டுப் பேசாமல் காத்திருந்தாள். கவியா கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தாள். பிறகு ஓரக்கண்ணால் காகிதத்தைப் பார்த்தாள். பிறகு நோட்டின் மேலிருந்த கையை மெதுவாக எடுத்து, உட்கார்ந்த இடத்திலிருந்து அந்தப் பெண்ணை நோக்கி ஒரு சாண் நகர்ந்தாள்.

ஆர்த்தி மணியைப் பார்த்தாள். இன்றைக்கும் ஆபீஸுக்குத் தாமதம். ஒரு நிமிஷம் கழித்துப் போகலாம் என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.